மொட்டையனுக்கு முகம் துடைத்தவர்

எங்கள் வீட்டு மாடியில் வானத்தைப் படம் பிடிக்கும் கேமரா ஒன்று இருக்கிறது. நெஞ்சு உயரத்துக்கு ஓர் இரும்புக் கம்பம், அதன் மேல் ஒரு பெட்டி, பெட்டியின் தலையில் கவிழ்த்து வைத்த கிண்ணம் மாதிரி வழுவழுவென்று ஒரு கண்ணாடி. அதற்குள் லென்ஸ் மல்லாக்கப் படுத்துக்கொண்டு ஆகாயத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். நாலு பக்கத்து வயலின் விளிம்பு வரைக்கும் முழு வானத்தையும் ஒரே வட்டத்துக்குள் அடக்கிவிடும். என் கணவர் அதற்கு மொட்டையன் என்று பெயர் வைத்தார். அந்தப் பெயர் ஆய்வகம் வரைக்கும் போய்விட்டது.

நான் திருவாரூரில் ஓர் ஆய்வகத்தில் தொழில்நுட்ப உதவியாளர். பெரிய படிப்பு, பெரிய பதவி என்றெல்லாம் நினைத்துவிட வேண்டாம். காற்றில் என்ன மிதக்கிறது என்று வெளிச்சத்தை வைத்துக் கண்டுபிடிக்கும் வேலை எங்களுடையது. சுத்தமான காற்றில் வானம் நல்ல நீலமாக இருக்கும். அறுப்பு முடிந்து வயலில் நிற்கும் தாளைக் கொளுத்துகிறார்களா, செங்கல் சூளை புகைகிறதா, கடலிலிருந்து உப்புக்காற்று ஏறி வருகிறதா, எது வந்தாலும் வெளிச்சம் அதில் பட்டுச் சிதறும், நீலம் வெளுத்துப் போகும். எவ்வளவு வெளுத்தது, சூரியனைச் சுற்றி எவ்வளவு வெளுத்தது என்று படத்திலிருந்து கணக்குப் போடலாம். அதற்கு மரமும் மாடிக்கட்டடமும் மறைக்காத இடம் வேண்டும் என்றார்கள். நன்னிலம் பக்கத்தில் எங்கள் வீட்டையும் என் கணவருடைய அக்காவின் ஓட்டு வீட்டையும் சுற்றி வயலைத் தவிர வேறு ஒன்றும் கிடையாது. எங்கள் மாடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று நான்தான் சொன்னேன்.

கம்பம் நட்ட அன்றைக்கே அவர் ஆரம்பித்துவிட்டார்.

"சம்பளம் வாங்கிக்கிட்டு ஆகாசத்தை வேடிக்கை பாக்கறதுக்கு ஒரு ஆபீசா?"

"நீங்க சம்பளம் இல்லாம பாக்கறீங்க. அவ்வளவுதான் வித்தியாசம்."

உண்மையும் அதுதான். சிங்கப்பூரில் சில வருஷம் கட்டட வேலை பார்த்துவிட்டு வந்து சொந்த நிலத்தோடு கொஞ்சம் குத்தகையும் சேர்த்துப் பயிர் வைத்திருந்தார். வரப்பில் நின்று மேற்கே பார்த்து, "சாயந்தரம் மழை அடிக்கும் பாரு" என்பார். அவர் சொன்ன மழை ஒரு நாளும் வந்ததில்லை. "மழை கேன்சலா?" என்று நான் கேட்டால், "ஒன் மொட்டையன் கண்ணு வச்சுட்டான்" என்பார். எங்களுக்குப் பிள்ளை இல்லை. ஊரார் கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோய், பிறகு விட்டுவிட்டார்கள். வீட்டில் சத்தம் என்று இருந்ததெல்லாம் நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் வம்புக்கு இழுக்கும் சத்தம்தான். அது எனக்குப் போதுமானதாக இருந்தது.

மார்கழி, தை மாதத்தில் மொட்டையனுக்கு ஒரு சீக்கு வரும். பனி. கண்ணாடி முழுக்க நீர் கோத்துக்கொண்டு படமெல்லாம் அரிசி கழுவின தண்ணீர் மாதிரி வரும். யாராவது துடைத்துவிட வேண்டும். நான் காலையில் பஸ்ஸுக்கு ஓடும்போது மூட்டமே விலகியிருக்காது, அப்போது துடைத்தால் மறுபடியும் கோத்துக்கொள்ளும். அதனால் துடைக்கிற வேலை அவருடையதானது. அவர் அதற்கு ஒரு முறை வைத்திருந்தார். வயலை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வந்து, மாட்டுக்குத் தீனி போட்டுவிட்டு, நான் ஆபீஸில் சீட்டில் உட்கார்ந்திருப்பேன் என்று நிச்சயமான பிறகுதான் மாடி ஏறுவார். தோளில் கிடக்கும் துண்டால் துடைப்பார். ஓரிரு நிமிஷத்துக்கு ஒரு தடவை கேமரா 'டிக்' என்று சின்னதாக ஒரு சத்தம் போடும். அதற்காகக் காத்திருந்து, கண்ணாடிக்கு நேரே குனிந்து, பல்லெல்லாம் தெரிய ஒரு சிரிப்பு. அது எனக்காம். அதை முடித்துக்கொண்டுதான் கீழே இறங்குவார்.

ஆரம்பத்தில் அந்தப் படங்கள் எனக்கு வந்தன. முழு வானத்தையும் மறைத்துக்கொண்டு பூசணிக்காய் அளவுக்கு ஒரு மூக்கு, அதற்குப் பின்னால் எங்கேயோ இரண்டு கண். ஆய்வகமே விழுந்து விழுந்து சிரித்தது. எனக்கு மானம் போனது. வீட்டுக்கு வந்து கத்தினேன். அவர் அசரவில்லை.

பிறகு ஆய்வகத்தில் ஒரு புரோகிராம் போட்டார்கள். முகம், காக்கை, கொடியிலிருந்து பறந்து வரும் புடவை என்று எது வந்து வானத்தை மறைத்தாலும் அந்தப் படத்தை அதுவே தள்ளிவிடும். சரியான ஏற்பாடுதான். காக்கையின் வயிற்றைக் கருமேகம் என்று கணக்கில் சேர்த்துக்கொண்டால் எப்படி? தள்ளிய படம் எங்கள் திரைக்கு வராது. அது வரவேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு வெற்றுக் கட்டம் மட்டும் நிற்கும். நான் இதை அவரிடம் மறைக்கவே இல்லை. அன்று சாயந்தரமே சொல்லிவிட்டேன்.

"பாத்தியா இன்னைக்கு?" என்றார். வீட்டுக்குள் நுழைந்ததும் தினமும் கேட்பது.

"இனிமே ஒங்க மூஞ்சி வராது. வந்தா மெஷினே தூக்கிப் போட்டுடும். எனக்கு வெறும் கட்டம்தான் தெரியும்."

"அடப் போடி. பாத்துட்டுப் பாக்காத மாதிரி என்னா நடிப்பு நடிக்கறா."

"சத்தியமாங்க."

"சரி சரி, நீ பாக்கல. நான் சிரிக்கல. போய்க் காப்பியப் போடு."

எத்தனை தடவை சொன்னாலும் இதே பதில்தான். நான் வெட்கப்பட்டுக்கொண்டு பொய் சொல்கிறேன் என்று அவர் முடிவே கட்டிவிட்டார். எனக்கும் ஒரு கட்டத்தில் அலுத்துப்போனது. அவர் சிரிப்பது நின்றுவிடவும் வேண்டாம் என்று தோன்றிவிட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன். காலையில் சீட்டில் உட்கார்ந்தால் முதலில் மங்கலான படங்கள் வரிசையாக நிற்கும். பிறகு ஒரு சாம்பல் கட்டம். அதற்கு அடுத்த படம் பளிச்சென்று இருக்கும். அந்தக் கட்டத்தைப் பார்த்தாலே போதும், ஆள் ஏறித் துடைத்துச் சிரித்துவிட்டு இறங்கியாயிற்று என்று தெரிந்துவிடும். முகம் தெரியாவிட்டால் என்ன, அதுதான் அவர். அதைப் பார்த்த பிறகுதான் நான் டீ குடிக்கவே எழுந்திருப்பேன்.

பொங்கல் கழிந்து சில நாள் ஆகியிருந்தது. சம்பா முற்றி நின்றது. அறுப்பு மெஷினுக்குச் சொல்லி வைத்திருந்தார், அது பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வருவதாக இருந்தது. முதல் நாள் ராத்திரி தோள்பட்டை வலிக்கிறது என்றார். மூட்டை ஏதாவது தூக்கினீர்களா என்று கேட்டேன். ஆமாம் என்றார். தைலம் தேய்த்துவிட்டேன். அவ்வளவுதான். காலையில் நான் கிளம்பும்போது வாசலில் நின்று பல் தேய்த்துக்கொண்டிருந்தார். நுரை வாயோடு என்னவோ சொன்னார். எனக்குப் புரியவில்லை, பஸ் ஹாரன் கேட்டுவிட்டது, கையை ஆட்டிவிட்டு ஓடினேன்.

அன்று நல்ல பனி. சீட்டில் உட்கார்ந்தபோது படமெல்லாம் ஒரே வெள்ளை. கொஞ்ச நேரத்தில் சாம்பல் கட்டம் வந்தது. சரி, ஏறியாச்சு என்று நினைத்தேன். அடுத்த படமும் சாம்பல் கட்டம். என்ன இன்றைக்குக் கொஞ்சல் ஜாஸ்தியாக இருக்கிறதே என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். மூன்றாவதும் சாம்பல் கட்டமாக வந்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்து சீட்டுப் பெண், "என்னக்கா, தனியா சிரிக்கறீங்க?" என்று கேட்டாள். "எங்க வீட்டு ஆளு மொட்டையனோட வெளையாடறாரு" என்றேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். அந்தச் சிரிப்பை என்ன செய்வதென்று எனக்கு இன்றுவரைக்கும் தெரியவில்லை.

நாலாவது படம் வந்தது. பாதி வானம் நீலம், பாதி வானம் பனி. நடுவில் கோணல்மாணலாக, துண்டு போன வழி. எனக்கு எரிச்சல் வந்தது. ஒரு வேலையை எடுத்தால் முழுசாகச் செய்ய வேண்டாமா? பாதி வானத்தை வைத்துக்கொண்டு நான் என்ன கணக்குப் போடுவது? திட்டுவதற்காகத்தான் போனை எடுத்தேன்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. அது எனக்கு ஆச்சரியமாக இல்லை. ஒரு தடவை போன் மேல்சட்டைப் பையிலிருந்து தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்ததிலிருந்து மாடிக்கு அதைக் கொண்டுபோக மாட்டார், சாமி மாடத்தில் சார்ஜில் போட்டுவிட்டுத்தான் ஏறுவார். இறங்கட்டும் என்று விட்டு விட்டு அடித்தேன். கடைசியில் எடுத்தது அவருடைய அக்கா. பக்கத்து வீடு. நான் அண்ணி என்று கூப்பிடுவேன்.

"போன் கத்திக்கிட்டே கெடக்குதேன்னு வந்தேன். எங்க போனான் இவன்?"

"மாடியிலதான் இருப்பாரு அண்ணி."

"ஆமா, செருப்பு படிக்கிட்ட கெடக்கு. இரு, கொண்டுபோய்க் குடுக்கறேன். நீயே அவன ரெண்டு கேளு."

அண்ணி படி ஏறுவது எனக்குக் கேட்டது. முட்டி வலிக்காரி, ஒவ்வொரு படிக்கும் ஒரு மூச்சு. "ஏய் தம்பி, ஒன் பொண்டாட்டி" என்று ஆரம்பித்தாள். பிறகு ஒன்றும் கேட்கவில்லை. பிறகு "தம்பீ" என்று ஒரு சத்தம். போன் விழுந்தது. விழுந்த போன் அணையவில்லை. அண்ணி அலறியதையும், வயலிலிருந்து ஆட்கள் ஓடி வந்ததையும், "தூக்குங்கடா, தூக்குங்கடா" என்பதையும் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு நான் கேட்டுக்கொண்டிருந்தேன். எதிரே திரையில் பாதி வானம் நீலமாக இருந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்னாலேயே முடிந்துவிட்டது என்றார்கள். மாரடைப்பு. கம்பத்தின் அடியிலேயே சாய்ந்து உட்கார்ந்திருந்தாராம், துண்டு கையில் இருந்ததாம். கேமரா தனக்கு மேலே இருப்பதைத்தான் பார்க்கும். காலடியில் கிடப்பவரைப் பார்க்கத் தெரியாது.

பிறகு நடந்ததெல்லாம் எல்லா வீட்டிலும் நடப்பதுதான். வாசலில் பந்தல் போட்டார்கள். என்னை உள்ளறையில் ஒரு மூலையில் உட்கார வைத்தார்கள். வருகிற பெண்கள் கட்டிப் பிடித்து அழுதார்கள், நானும் அழுதேன், அவர்கள் காப்பி குடிக்க எழுந்து போனார்கள், நான் அங்கேயே இருந்தேன். பதினாறாம் நாள் கருமாதி முடிகிற வரைக்கும் அந்த மூலையை விட்டு நகரக்கூடாது என்று பெரியவர்கள் சொன்னார்கள். எங்கே போகப் போகிறேன்? எனக்கு எழுந்திருக்கவே தோன்றவில்லை. வெளியே அறுப்பு மெஷின் வந்து எங்கள் வயலை அறுத்துவிட்டுப் போனது. சத்தம் மட்டும் கேட்டேன்.

கருமாதிக்கு முந்தின நாள் அவருடைய சித்தப்பா வாசற்படியில் வந்து நின்றார். பெரிதாக்கி, சட்டம் போட்டு, மாலை போடப் படம் வேண்டும் என்றார். போட்டோ ஸ்டுடியோக்காரன் வெளியே காத்திருக்கிறான் என்றார். யாரோ கல்யாண ஆல்பத்தைக் கொண்டுவந்தார்கள். யாரோ சிங்கப்பூரில் எடுத்ததைப் போனில் காட்டினார்கள்.

"இதெல்லாம் பழசும்மா. ஆளே வேற மாதிரி இருக்கான். கடைசியா எடுத்த படம் எது?"

கடைசியாக எடுத்த படம்.

கேமராப் பெட்டிக்குள் நகத்தளவுக்கு ஒரு மெமரி கார்டு உண்டு. எடுக்கிற எல்லாப் படமும், புரோகிராம் கை வைப்பதற்கு முன்னால், அதில்தான் முதலில் ஏறும். முகம், காக்கை, புடவை, எல்லாம். ஏறக்குறைய ரெண்டு வாரத்துப் படம் கொள்ளும். நிறைந்துவிட்டால் பழசை அழித்துவிட்டு அந்த இடத்தில் புதுசை எழுதும். இது எனக்குத் தெரியும், நானே எத்தனையோ தடவை அந்தக் கார்டை மாற்றியிருக்கிறேன். ஆனால் இத்தனை நாளும் தலைக்கு மேலேயே அது 'டிக் டிக்' என்று எடுத்துக்கொண்டிருக்கிறது, ஒவ்வொரு படமாக அவரை நோக்கி அழித்துக்கொண்டு வருகிறது என்பது மட்டும் எனக்கு உறைக்கவில்லை.

எழுந்து ஓடினேன். வாசலில் பெண்கள் மறித்தார்கள்.

"எங்கம்மா போற? நாளைக்குக் காரியத்த வச்சிக்கிட்டு மாடிக்கா? அங்கதான உசுரு போச்சு. ஒக்காரு."

"விடுங்க."

"சொன்னாக் கேளும்மா."

"கைய விடுங்கங்கறேன்!" என்று நான் போட்ட சத்தத்தில் பந்தலே அடங்கிப்போனது. பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள். குதித்துவிடப் போகிறேன் என்றுகூட நினைத்திருப்பார்கள். அண்ணி வந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். "விடுங்கடி அவள, நான் கூடப் போறேன்" என்று சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டு அந்த முட்டியோடு படி ஏறினாள். அவர் போன நாளுக்குப் பிறகு அவளும் அங்கே ஏறியதில்லை.

மொட்டையன் மேல் அழுக்கு அப்பிக் கிடந்தது. பனி காய்ந்து, புழுதி படிந்து, மறுபடியும் பனி கோத்து, அறுப்பு மெஷின் கிளப்பிய தூசு அதன் மேல் ஒட்டி, காக்கை எச்சம் வேறு. ஒரு விரல் பட்டதற்கான தடம்கூட இல்லை. பெட்டியைத் திறந்து கார்டை உருவினேன். கீழே குரல் கொடுத்து லேப்டாப் கொண்டுவரச் சொன்னேன். தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்து கார்டைப் போட்டேன். மிஞ்சியிருக்கும் படங்களில் மிகப் பழையது எந்த நாள் என்று பார்த்தேன். நான் போட்ட கணக்குப்படி அந்தக் காலை அழிந்திருக்க வேண்டும்.

அழியவில்லை. எனக்கு அப்புறம்தான் புரிந்தது. தெளிவான படத்துக்கு நிறைய இடம் வேண்டும். மங்கல் படத்துக்குக் கொஞ்சம் இடம் போதும், அதில் எழுதி வைக்க ஒன்றும் இருக்காது. துடைக்க ஆள் இல்லாமல் இத்தனை நாளும் மங்கலாகவே எடுத்துத் தள்ளியதால் கார்டு மெதுவாக நிறைந்திருக்கிறது. மொட்டையன் முகத்தை யாராவது ஒரு நாள் நன்றாகத் துடைத்துவிட்டிருந்தால் அவர் போயிருப்பார்.

முதல் சாம்பல் கட்டத்தின் படத்தைத் திறந்தேன். துடைத்துக்கொண்டிருக்கும்போதே 'டிக்' வந்துவிட்டது போல. கையில் துண்டு, கண்ணாடியில் பாதிப் பனி, தெளிந்த பாதியில் அவர் முகம். பல்லெல்லாம் தெரியும் அதே சிரிப்பு. பூசணிக்காய் மூக்கு. அண்ணி, "தம்பி" என்று திரையைத் தடவினாள்.

இரண்டாவதில் சிரிப்பு இல்லை. முகம் கொஞ்சம் தள்ளிப்போயிருந்தது. ஒரு கை நெஞ்சைப் பிடித்திருந்தது. கண் படிக்கட்டு இருக்கும் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

மூன்றாவதைத் திறக்க எனக்குக் கை வரவில்லை. அண்ணிதான் விரலால் தட்டினாள். படம் முழுக்க முகம். அவ்வளவு கிட்டே அவர் ஒரு நாளும் வந்ததில்லை. இடது கை விரித்தபடி கண்ணாடி மேல் ஊன்றியிருந்தது. நெற்றியெல்லாம் வியர்வை. வாய் திறந்திருந்தது. கண் நேராக லென்ஸுக்குள் பார்த்துக்கொண்டிருந்தது.

"என்னா சொல்றான்?" என்று அண்ணி கேட்டாள்.

"கூப்பிடறாரு அண்ணி."

"யார?"

படியில் இறங்க முடியாது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. போன் கீழே. அக்கா வீட்டுக்கோ வயலுக்கோ கேட்கிற மாதிரிக் கத்தத் தெம்பு இருந்திருக்காது. ஆனால் நான் சீட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று அவருக்கு நிச்சயம். எத்தனை தடவை இல்லை என்று சொல்லியும் நம்பாத நிச்சயம். அதனால் மறுபடியும் கேமராவிடம் வந்திருக்கிறார். 'டிக்'குக்காகக் காத்திருந்திருக்கிறார். வானத்தை மறைக்கிறது என்று மெஷின் அதைத் தள்ளிவிட்டு எனக்கு ஒரு சாம்பல் கட்டத்தைக் காட்டியது. நான் சிரித்தேன்.

கண்ணாடியில் அவர் கை ஊன்றியிருந்த இடத்தை என் முந்தானையால் துடைத்தேன். அங்கே முகத்தை வைத்துக்கொண்டு, "பாத்துட்டேங்க" என்றேன். மெதுவாகச் சொன்னால் கேட்காது என்று தோன்றியது. "பாத்துட்டேங்க, பாத்துட்டேன், வந்துட்டேன்" என்று கத்தினேன். கார்டு லேப்டாப்பில் இருந்தது, பெட்டி திறந்து கிடந்தது, மொட்டையனால் எதையும் எழுதி வைத்துக்கொள்ள முடியாது. பந்தலில் இருந்தவர்கள் எல்லாரும் வெளியே வந்து அண்ணாந்து பார்த்தார்கள். அண்ணி என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.